இரண்டு ஊர்வலங்களில் போன மலை

படம் வரையப் படிக்கப் போகிறேன் என்று தணிகாசலம் சொன்னபோது அவருடைய நைனா சின்னசாமி கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி நிற்கவில்லை.

"படம்னா இன்னா படம்?"

"மலை, மரம், ஜனங்க. கண்ணுல படறது எல்லாந்தான், நைனா."

"கண்ணுல படறத எதுக்குடா மறுபடியும் போடணும்? அதான் எதுருலயே கீதே."

எதிரில் நகரி மலை இருந்தது. பிற்காலத்தில் மெட்ராஸிலும் ஐதராபாத்திலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் தணிகாசலத்தின் படங்களைப் பற்றி என்னென்னவோ கேட்டார்கள். இதைவிடக் கடினமாக ஒருவரும் கேட்கவில்லை.

சின்னசாமி மகனை மிரட்டி வைக்கிற அப்பன் இல்லை. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் நாலு ஜனம் யோசனை கேட்டு வருகிற ஆள். தன் வீட்டு விஷயம் என்றால் மட்டும் கொஞ்சம் தாமதமாக யோசிப்பார். வெல்லம் ஏற்றிய வண்டியில் புத்தூர் சந்தைக்குப் போகும்போது, மாட்டைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"போடறதுதான் போடறே, வீட்டுப் படமா போடு. ஜனங்க உள்ள வந்து குந்துவாங்க, வெயிலுக்கு ஒதுங்குவாங்க. நீ போடற மலைக்குள்ள யாருடா போயி குந்தறது?"

தணிகாசலத்துக்கு அது அநியாயமாகப் படவில்லை. இரண்டையும் படித்துவிடலாம் என்று நினைத்தார். அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெட்ராஸில் பகலில் கட்டட வரைபடம், சாயங்காலம் ஓவிய வகுப்பு. ஓவிய வாத்தியார் அவருடைய வானத்தைப் பார்த்து, "இதை அளவுகோல் வைத்துப் போட்டாயா?" என்று கேட்டார். கட்டட வாத்தியார் அவருடைய சுவரைப் பார்த்து, "இது ஏன் மூச்சு விடுகிறது? சுவர் சும்மா நின்றால் போதும்" என்றார். இரண்டு பேரும் தேர்ச்சி போட்டார்கள். இரண்டு பேரும் அவரை மற்றவரின் மாணவன் என்றுதான் நினைத்தார்கள்.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் மெட்ராஸில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை. பிறகு சித்தூர் பி.டபிள்யூ.டி. ஆபீசில் வரைபடப் பிரிவில் இடம் கிடைத்தது. திங்கள் முதல் சனி வரை கால்நடை ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தாலுகா கச்சேரிக்குப் புதுத் தாழ்வாரம். ஞாயிற்றுக்கிழமை நகரி மலை. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து அலர்மேல்மங்கையைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். புதுப்பெண் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, புருஷன் பலகையும் சாயப்பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "அங்க யாரு கீறாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. மலைதான்."

"அப்ப சரி" என்று சொல்லி, சோறு கட்டிக் கொடுத்தாள். அந்த விஷயத்தில் அவளுக்கு இருந்த ஒரே சந்தேகம் அன்றோடு தீர்ந்துவிட்டது.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. முந்தின நாள் மெட்ராஸ் ராஜ்யத்தில் பாதியில் விட்ட ஒரு பிளானை மறுநாள் தணிகாசலம் ஆந்திர ராஜ்யத்தில் முடித்தார். நாற்காலி அதேதான், ஜன்னல் அதேதான். கோடு எங்கேயும் கோணவில்லை. கோணல் வெளியேதான் இருந்தது. சித்தூர் ஜில்லா யாருக்கு என்பது பேச்சாகி, பேச்சு கூட்டமாகி, கூட்டம் ஊர்வலமாகிக்கொண்டிருந்தது. திருப்பதி வரைக்கும் எங்களது என்று தமிழ்க்காரர்கள் சொன்னார்கள். திருத்தணிக்கு அந்தப் பக்கமும் எங்களது என்று தெலுங்குக்காரர்கள் சொன்னார்கள். நடுவில் இருந்தவர்கள் வீட்டில் ஒரு பாஷையும் சந்தையில் ஒரு பாஷையும் பேசிக்கொண்டு, இதில் நாம் எந்தக் கட்சி என்று அண்டை வீட்டுக்காரனைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மறு வருஷம் தணிகாசலத்தைப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். காண்ட்ராக்டர் ரங்கையா. தெலுங்குக்காரர். தமிழை ஒரு தினுசாக, ஆனால் தயங்காமல் பேசுவார். செங்கல் சப்ளை பச்சையப்பன். புத்தூருக்கு வெளியே சூளை வைத்திருந்த தமிழர். இரண்டு பேரும் காலையில் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, செங்கல் வேகவில்லை, நன்றாக வெந்தது என்று சண்டை போடுவார்கள். சாயங்காலம் ஆனதும் பச்சையப்பன் தமிழ் எல்லைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விடுவார். ரங்கையா ஆந்திர எல்லைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் அதே பெஞ்சு, அதே செங்கல்.

ஒருநாள் பச்சையப்பன் தணிகாசலத்தைச் சூளைப் பக்கம் கூப்பிட்டுப் போனார்.

"சார், ஞாயித்துக்கெழம பெரிய ஊர்வலம். எல்லாத்துக்கும் முன்னால ஒரு படம் போவணும். நம்ம மலை. பாத்தவன் நெஞ்சு அடைச்சுப் போவணும். நீங்கதான் போடணும்."

"நான் கவர்மெண்டு ஆளுங்க. இதுல எல்லாம்..."

"மலைதானே சார் போடச் சொல்றேன்? மலை இன்னா கட்சி? எழுத்து எல்லாம் நாங்க வேற ஆள வெச்சு எழுதிக்கறோம். துணி பாருங்க."

தணிகாசலம் துணியைப் பார்த்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. முரட்டுக் காடாத் துணி, நாலு அகலம் ஒட்டுப் போட்டுத் தைத்து, ஒரு வீட்டுச் சுவர் பெரிதுக்கு இருந்தது. இத்தனை வருஷமும் மடியில் வைத்து வரைகிற பலகையில்தான் அவர் அந்த மலையை மடக்கி மடக்கி வைத்துக்கொண்டிருந்தார். தலை வைத்தால் கால் இடிக்கும். இதில் மலை கால் நீட்டிப் படுக்கலாம். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர், "வெள்ளை நெறைய வேணும், சுண்ணாம்பு வேணாம், கோந்து நல்லதா வாங்குங்க" என்று சொன்னார்.

காலை வெயிலில் நகரி மலை எப்படி இருக்குமோ அப்படிப் போட்டார். கிழக்கே வெளிச்சம், பாறைகளில் இளம் சிவப்பு, அடிவாரத்தில் இன்னும் விலகாத நீலம். முடித்து அனுப்பி வைத்த மறுநாள் ரங்கையா வந்தார். அவர் தோளிலும் ஒரு மூட்டை.

"சார், மாகு கூட ஒகட்டி... எங்களுக்கும் ஒண்ணு வேணும். ஊர்வலம் உண்டு. பச்சையப்பனுக்குப் போட்டது தெரியும். நான் கோச்சுக்கல. கொண்ட மாத்திரம் போடுங்க, சாலு." கொண்ட என்றால் மலை. சாலு என்றால் போதும்.

"அதே மலையா?"

"வேற கொண்டைக்கு எங்க போறது சார்? இருக்கிறது அது ஒண்ணுதான்."

நியாயமான பதில். அதோடு, பிரித்துப் பார்த்தால் ரங்கையாவின் துணி இன்னும் ஒரு அகலம் கூட. தணிகாசலம் ஏற்கெனவே மனசுக்குள் அதே மலையைச் சாயங்கால வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கொடுப்பினை இருக்காது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. மற்றபடி அவர் செய்தது ராஜ்யத் துரோகமா, இரட்டைத் துரோகமா என்பதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை.

ஊர்வலத்தன்று அவர் வீட்டோடு இருந்திருக்கலாம். அலர்மேல்மங்கையும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அவ்வளவு பெரிய படத்தை அவர் தரையில் விரித்து, மேலே நடந்துதான் போட்டிருந்தார். தூரத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. தமிழ் ஊர்வலம் புத்தூர் கடைத்தெருவில் நுழைந்தபோது இரண்டு மூங்கிலுக்கு நடுவே காற்றில் உப்பிக்கொண்டு மலை முன்னால் வந்தது. மேலே பெரிய எழுத்தில் கோஷம். தணிகாசலம் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தார். போதவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் பார்க்கலாம் என்று பின்னாலேயே நடந்தார். மறுபடி முன்னால் ஓடி நின்று பார்த்தார். இப்படியே ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார். நடுவில் யாரோ அவர் கையில் ஒரு கொடியைத் திணித்தார்கள். பார்க்கிறதுக்கு அது இடைஞ்சலாக இருந்ததால் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஸ்டேஷன் முன்னால் கூட்டம் நின்றதும் பச்சையப்பனைப் போய்ப் பிடித்தார்.

"இன்னா பச்சையப்பன், இப்பிடிப் பண்ணிட்டீங்க?"

பச்சையப்பன் பதறிப்போனார். "ஏன் சார், போலீசா?"

"காலைல வெயிலுக்குப் போட்ட மலை. அத்தப் போயி சாயங்காலம் தூக்கிக்கினு வந்தா செவப்பு எல்லாம் மண்ணா தெரியாதா?"

இரண்டு நாள் கழித்து ஆந்திரக் கமிட்டியின் ஊர்வலம் காலையில் கிளம்பியது. அதாவது சாயங்கால மலை காலை வெயிலில் போயிற்று. தணிகாசலம் அதன் பின்னாலும் நடந்தார். அந்தக் கொடியும் தோளுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கு லேசாகத் தூறல் வேறு. கோந்து நல்லதாக வாங்கவில்லை போலும். மலையின் ஊதா நிறம் கோஷத்தின் மேல் வழிந்து, கடைசியில் எழுத்து ஒன்றும் புரியவில்லை. மலை மட்டும் இன்னும் மலையாகத் தெரிந்தது. அதுவரைக்கும் தணிகாசலத்தின் படங்களைப் பார்த்தவர்கள் எல்லாரையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். அந்த இரண்டு நாளில் தாலுகாவே பார்த்தது. பார்த்தவர்கள் எல்லாரும் வேறு எதற்காகவோ கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

சித்தூரில் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். கோதாவரிப் பக்கத்து மனிதர். கெட்டவர் இல்லை, ஆனால் எதுவும் ஒரு பக்கமாக இருந்தால்தான் அவருக்குப் புரியும். மேஜை மேல் இரண்டு ரிப்போர்ட்டுகள் இருந்தன, ஒன்று தமிழ்க்காரர்கள் எழுதியது, இன்னொன்று தெலுங்குக்காரர்கள் எழுதியது. இரண்டும் தணிகாசலம் எதிர்க்கட்சி ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனதாகச் சொல்லின.

"ஒரு ஊர்வலத்தில் போனால் எனக்கு விதி இருக்கிறது. இரண்டிலும் போனால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை" என்றார் அவர் இங்கிலீஷில். "உண்மையைச் சொல். நீ எந்தப் பக்கம்?"

தணிகாசலம் நிஜமாகவே யோசித்தார். "முதல் நாள் மேற்குப் பக்கம் நின்றேன், சார். அங்கிருந்துதான் வெளிச்சம் சரியாக விழுந்தது. இரண்டாம் நாள் மழை மூட்டம். எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான்."

என்ஜினியர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருந்தால் சஸ்பெண்டு ஆகியிருக்கும். பைத்தியம் என்று எடுத்துக்கொண்டதால் கர்நூலுக்கு மாற்றினார்.

கர்நூல் அப்போது புது ராஜ்யத்தின் தலைநகரம். கட்டடம் போதாமல் பல ஆபீசுகள் கூடாரத்தில் நடந்தன. கட்டடம் வரையத் தெரிந்த மனிதரைக் கூடாரத்துக்கு அனுப்பியதுதான் தண்டனை. அங்கே அவர் வரைந்து கொடுத்த எதையும் கட்டுவதற்கு நேரம் வரவில்லை. எப்படியும் தலைநகரம் ஐதராபாத்துக்குப் போகப்போகிறது என்று காவல்காரன் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். எனவே தணிகாசலம் கூடாரங்களை வரைந்தார். காற்றில் உப்பும் துணி, கயிறு, நிழல், உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பைலோடு நகரும் குமாஸ்தாவின் உருவம். ஊர்வலத்தில் துணி காற்றில் உப்பியதைப் பார்த்த கண் என்பதால் கை தானாகப் போயிற்று. அவர் வாழ்க்கையிலேயே நன்றாக வரைந்த காலம் அந்தத் தண்டனைக் காலந்தான். இதைத் தெரிந்துகொண்டிருந்தால் என்ஜினியர் உடனே திருப்பிக் கூப்பிட்டிருப்பார்.

கூடாரப் படங்களை மெட்ராஸில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப் போனார். கமிட்டியார் தள்ளி நின்று பார்த்தார்கள், கிட்டே வந்து பார்த்தார்கள். "பிரமாதம். ஆனால் நீங்கள் ஆந்திரக் கலைஞர் வரிசையில் அல்லவா வர வேண்டும்? அங்கே கேளுங்கள்" என்றார்கள். ஐதராபாத்தில் கேட்டார். அங்கேயும் தள்ளி நின்று, கிட்டே வந்து பார்த்தார்கள். "மெட்ராஸ் பாணி பளிச்சென்று தெரிகிறது. அங்கேதான் இதற்கு மதிப்பு" என்றார்கள். தணிகாசலம் படங்களைச் சுருட்டிக்கொண்டு சித்தூர் வந்தார். தலைநகரமும் அதற்குள் கர்நூலைவிட்டுப் போயிருந்ததால், பழைய ஆபீசிலேயே மறுபடி இடம் கிடைத்தது.

ஒரே ஒரு கூடாரப் படம் விலை போயிற்று. சித்தூரில் ஒரு டாக்டர் வாங்கினார். கிளினிக் சுவரில் ஓதம் ஏறி ஒரு பெரிய கறை. அதை மறைக்க அந்த அளவில் ஒரு படம் தேவைப்பட்டது. படத்தை மாட்டப் போன தணிகாசலம் கறையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏணி கேட்டு வாங்கி மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர் போகிற வாய் அடைத்துக்கொண்டு மதில் ஓரமாகத் தேங்குகிறது, அதை இடித்துச் சரிவு மாற்றிக் கட்டினால் ஓதம் நிற்கும் என்று டாக்டருக்கு விளக்கிச் சொன்னார். டாக்டர் அப்படியே செய்தார். ஓதம் நின்றுவிட்டது. வெள்ளை அடித்ததும் சுவர் மிகவும் அழகாக இருந்ததால், படத்தை மரியாதையாகத் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"படத்த மாட்டிட்டுப் பேசாம வந்திருக்கலாம் இல்ல?" என்றாள் அலர்மேல்மங்கை.

"செவுரு நனஞ்சிக்கினு கீதே."

"அது அவரு செவுருங்க. படம் உங்களுது."

அறுபதாம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் எல்லைத் தகராறு ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் இருந்த இடத்திலேயே இருந்தன. ரங்கையா சித்தூர் வந்திருந்தபோது வீட்டுக்கு வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"சார், உங்க பேரு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிடுச்சு. தணிகாசலம்னா திருத்தணி கொண்டதானே? மனுஷன் மாத்திரம் இங்க நின்னுட்டீங்க."

"எம்பேரு இங்கதான் கீது" என்றாள் அலர்மேல்மங்கை உள்ளேயிருந்து. "திருச்சானூரு தாயாரு பேரு. எங்க அம்மா வீடும் இப்ப இங்கயே வந்துடுச்சு. கல்யாணம் கட்டிக்கினு நான் மட்டும் வந்தேன். ஏழெட்டு வருஷம் பொறுத்து ஊரே பின்னால வருது."

"பச்சையப்பன் எப்படி இருக்காரு?" என்று தணிகாசலம் கேட்டார்.

"செங்கல் வேகவே இல்ல சார்" என்றார் ரங்கையா.

அதற்கு அடுத்த வருஷம் தணிகாசலம் சர்க்கார் வேலையை விட்டார். சொந்தமாகத் தொழில் செய்தால் வாரத்தில் பாதி நாள் கட்டடம், பாதி நாள் ஓவியம் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. திருப்பதியில் ஓர் ஆபீஸ் திறந்தார். மலைக்கு வருகிற ஜனம் பெருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊர்க்காரர்களும் தங்கள் ஊர் ஜனத்துக்கென்று ஒரு சத்திரம் கட்ட ஆசைப்பட்டார்கள். வாரம் முழுவதும் சத்திரமாகப் போயிற்று. சர்க்கார் வேலையிலாவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.

இருந்தாலும் கை சும்மா இருக்குமா? கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வண்ணப் படம் போடுவார். எலிவேஷன் என்பார்கள். மற்றவர்கள் போட்டால் அது கட்டடத்தின் படமாக இருக்கும். தணிகாசலம் போட்டால், விடிந்து கொஞ்ச நேரம் ஆன ஒரு வானம், அதில் இரண்டு மேகம், ஒரு வேப்பமரம், மரத்தின் நிழலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், அவளுக்குப் பின்னால், இடம் மிச்சம் இருந்தால், கட்டடம். படத்தைப் பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார்கள். கஷ்டம் கட்டின பிறகுதான் வந்தது.

பலமனேர் காய்கறி மண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு சத்திரம் கட்டினார்கள். அதற்குத் தலைவர் ஆதிநாராயணன். வெளிப்படையான மனிதர். கட்டி முடித்ததும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்தார், கையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கட்டடத்தைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா கீது சார். கொற ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மேகம் எங்க?"

"மேகம் படத்துக்குங்க."

"வேப்பமரம்?"

"அதுவும் படத்துக்குத்தான்."

"அந்தப் பொம்பள எப்பிடியும் வரமாட்டா, அது எனக்கே தெரியுது. மரமாவது வையுங்க சார். எங்க ஊரு ஜனங்களுக்கு மரத்தக் காட்டித்தான் ஒத்துக்க வெச்சேன்."

தணிகாசலம் தன் கையாலேயே ஒரு வேப்பங்கன்று நட்டார். அதை ஒரு ஆடு தின்றது. இன்னொன்று நட்டார். அதற்கு மேலே மின்சாரக் கம்பி போயிற்று என்று வெட்டிவிட்டார்கள். படத்தை ஆதிநாராயணன் கண்ணாடி போட்டு, சத்திர ஆபீசில் மாட்டிவைத்தார். பத்துச் சத்திரங்களில் அவருடைய எலிவேஷன் படங்கள் அப்படித் தொங்கின. திருப்பதியில் அவருடைய கண்காட்சி நிரந்தரமாக நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். பார்க்க வந்தவர்கள் அறைச் சாவி வாங்க நின்றவர்கள்.

அதே ஆதிநாராயணன்தான் சில வருஷம் கழித்து, சத்திரத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டச் சொன்னார். தணிகாசலம் நன்றாக யோசித்துக் கட்டினார். பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் நிற்கக்கூடாது. வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், மலையேறிக் கால் ஓய்ந்தவர்கள். ஆகவே நீளச் சுவரை ஒட்டி, கடப்பாக் கல் பதித்து, சிமெண்டில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தால் முதுகு சுவரில் பதமாகச் சாயும். அந்த உயரமும் அகலமும் சரியாக வருவதற்குத் தாமே பல தடவை உட்கார்ந்து பார்த்தார்.

கூடம் முடிந்ததும் ஆதிநாராயணன் சுவரைக் காட்டினார்.

"சார், இவ்ளோ பெரிய செவுரு சும்மா கீது. ஒரு படம் போடுங்க."

"சாமி படமா?"

"சாமி மேல மலைலயே கீறாரு. தரிசனம் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. இங்க எதுக்கு மறுபடியும்? உங்க இஷ்டத்துக்குப் போடுங்க."

தணிகாசலத்துக்கு அந்த வார்த்தை முதலில் காதில் ஏறவில்லை. இஷ்டத்துக்குப் போடு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் ஆபீசை மூடிவிட்டு, சாரம் கட்டச் சொன்னார். அந்த ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தச் சுவரிலேயே இருந்தார். மேலே நகரி மலை, கால் நீட்டிப் படுத்தபடி. அதற்குக் கீழே பாகாலாவில் புகைவிட்டு நிற்கும் ரயில். செம்மண் பாதை, வேர்க்கடலைக் கொல்லை, வெல்லம் காய்ச்சும் கொட்டகை. எல்லாவற்றுக்கும் கீழே ஜனங்கள். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற சின்னசாமி, சோற்று மூட்டையோடு அலர்மேல்மங்கை, ஒரு செங்கல்லை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பச்சையப்பனும் ரங்கையாவும். முகங்கள் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று, பெஞ்சுக்குச் சற்று மேலே, ஒரு முழ உயரத்துக்குள் எல்லாரையும் வரிசையாக வைத்தார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் தணிகாசலமும் அலர்மேல்மங்கையும் போய்ப் பார்த்தபோது பெஞ்சு நிரம்பியிருந்தது. மலையில் முடி கொடுத்துவிட்டு வந்தவர்கள். மழுங்கச் சிரைத்த தலைகளில் வழிய வழியச் சந்தனம். பெஞ்சு அவ்வளவு பதமாக இருந்ததால் எல்லாரும் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டதும் எழுந்து போனார்கள். அவர்கள் இருந்த இடத்தில் வரிசையாக மஞ்சள் வட்டங்கள். சின்னசாமியின் முகம் இருந்த இடத்தில் ஒன்று. பச்சையப்பனுக்கும் ரங்கையாவுக்கும் நடுவில், செங்கல்லைச் சேர்த்து, ஒன்று.

தணிகாசலம் தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். சந்தனத்தோடு முகமும் கொஞ்சம் வந்தது.

ஆதிநாராயணன் பதறி, சாயாதீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிப் பலகை மாட்டினார். பலகைக்குக் கீழேதான் காற்று நன்றாக வந்தது என்று அங்கேயே சாய்ந்தார்கள். கயிறு கட்டினார். கயிற்றில் ஈரத்துணி காயப் போட்டார்கள். கடைசியில், "பெஞ்ச இடிச்சிடலாமா சார்?" என்று கேட்டார்.

தணிகாசலம் கூடத்தின் நடுவில் நின்றார். ஒரு கிழவர் கைத்தடியை ஊன்றி, மெதுவாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி, பின்னால் சாய்ந்து, பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் பெஞ்சின் அகலத்தை அவர் அத்தனை தடவை மாற்றினார். பெஞ்சு சரி. சுவரும் சரி. அவருக்குள்ளேயே முப்பது வருஷம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்த கட்டடக்காரரும் படக்காரரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"பெஞ்சு இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கும் அலர்மேல்மங்கை கூட வந்திருந்தாள். திரும்புகிற வழியில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"போட்ட ஜனங்க மேல நெஜ ஜனங்க சாஞ்சிக்கினு கீறாங்க. இதுக்குப் போயி இன்னா கோவம்?"

"கோவம் இல்ல."

"அப்புறம் இன்னாங்க?"

"நைனா மொகம் நல்லா வந்திருந்துச்சு."

 

மறு வருஷம் அவர் சாரம் இல்லாமல், ஒரு முக்காலி மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கீழே இருந்த ஜனங்களை எல்லாம் அழித்து, அந்த ஒரு முழத்துக்கும் விளைந்த நெல் வயல் போட்டார். சந்தன நிறத்திலேயே போட்டார். நகரிப் பக்கம் அத்தனை நெல் எந்தக் காலத்திலும் விளைந்ததில்லை. பிறகு தலைகள் சாய்ந்தால் வித்தியாசம் தெரியவில்லை. தெரியாதது மட்டும் இல்லை, வருஷத்துக்கு வருஷம் மஞ்சள் மேல் மஞ்சள் ஏறி, எண்ணெய் ஊறி, வியர்வை ஊறி, வயல் நிஜமாகவே முற்றிக்கொண்டு வந்தது.

ஒருதடவை ஐதராபாத்திலிருந்து கலை விஷயம் தெரிந்த ஒருவர் தரிசனத்துக்கு வந்து, அந்தச் சத்திரத்தில் தங்கினார். கூடத்தில் நின்றவர் சாப்பிடவும் மறந்து, யார் வரைந்தது என்று விசாரித்து, தணிகாசலத்தின் ஆபீசுக்கே வந்துவிட்டார். மலையை நிறையப் பேர் போடுவார்கள், ரயிலையும் போடுவார்கள், ஆனால் அந்த வயல் இருக்கிறதே, அந்த ஆழம், அது எத்தனை பூச்சு, என்ன வண்ணம் என்று கேட்டார்.

"அது நான் போட்டது இல்லைங்க" என்றார் தணிகாசலம்.

வந்தவர் நெகிழ்ந்துபோய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எந்தப் பெரிய கலைஞனும் அப்படித்தான் சொல்வான் என்றார். தணிகாசலம் மறுபடி விளக்கப் பார்த்தார். விளக்க விளக்க அவருடைய அடக்கம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எழுபத்தைந்தாம் வருஷ வாக்கில் அந்தச் சத்திரத்துக்கு மாடியில் இன்னொரு கூடம் தேவைப்பட்டது. இந்தத் தடவை தணிகாசலம் ஏமாறவில்லை. பெஞ்சைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கூடத்துக்கு நடுவில், இரண்டு பக்கமும் உட்காரும்படி கட்டினார். சுவர் நாலும் தொந்தரவு இல்லாமல் நின்றன. எதை வரையலாம் என்று மனசுக்குள் ஒரு கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் வந்த கூட்டம் பெஞ்சைப் பார்த்தது. அதன்மேல் துணிப் பைகளையும் செம்புகளையும் வைத்தது. பிறகு சுவரோரமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது.

தணிகாசலம் வாசலில் நின்று, தலைகள் சுவரில் எவ்வளவு உயரத்தில் சாய்கின்றன என்று பார்த்தார். கீழே இறங்கி வந்ததும் வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிட்டார்.

"மாடிச் செவுத்துக்கு இன்னா கலரு சார்?" என்று அவன் கேட்டான்.

"அடியில மூணடி மஞ்சள் அடி" என்றார் தணிகாசலம். "மேல பாதிய அப்பறம் பாத்துக்கலாம்."